கல்லா, வளைவா, மணலா? மனுவில் கையெழுத்துப் போடும் முன்

எங்கள் தெருக் கடைசியில் ஒரு உறைகிணறு நிற்கிறது. கிணறு என்றால் தரைக்குள் இருக்க வேண்டும். இது தரைக்கு மேலே ஆள் உயரத்துக்கு நிற்கிறது. சுற்றியிருந்த மணலைக் கடல் கொண்டுபோய்விட்டது. சிமெண்டு உறைகள் மட்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மிச்சம். நான்கு உறை வெளியே தெரிகிறது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் அந்தக் கிணற்றுக்கும் அலைக்கும் நடுவே கரைவலை இழுக்க இடம் இருந்தது. வலை காயப்போட, படகு ஏற்ற, கருவாடு பரப்ப, கோடை ராத்திரியில் பாய் விரித்துப் படுக்க, எல்லாவற்றுக்கும் அந்த மணல்தான். இப்போது அமாவாசை, பௌர்ணமி வந்தால் அலை கிணற்றின் காலைக் கழுவிவிட்டுப் போகிறது.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் கடலுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட குப்பங்களில் எங்களுடையதும் ஒன்று. விழுப்புரம் மாவட்டம். போன மாதம் ஊர்ப் பஞ்சாயத்தில் கலெக்டருக்குக் கொடுக்க ஒரு மனு தட்டச்சு செய்தார்கள். "எங்கள் கிராமத்தைக் கடல் அரிப்பிலிருந்து காப்பாற்ற ........ அமைத்துத் தருமாறு" என்று நடுவில் இடம் விட்டிருந்தார்கள். அந்தப் புள்ளிகளில் என்ன எழுதுவது என்பதில்தான் சண்டை. கிழக்குத் தெரு கல் வேண்டும் என்கிறது. இளைஞர்கள் தூண்டில் வளைவு என்கிறார்கள். என் சித்தப்பா, "துறைமுகத்தை ஒடச்சிப் போட்டா போதும்டா, மணலு தானா வரும்" என்கிறார். நான் வேலை நிமித்தம் வெளியூரில் இருப்பவன், நாலு எழுத்துப் படித்தவன் என்பதால் விசாரித்து எழுதித் தரச் சொன்னார்கள். விசாரித்ததைப் பொதுவிலும் வைக்கிறேன். கோட்டக்குப்பம் தொடங்கி பொம்மையார்பாளையம் தாண்டியும் எல்லாக் குப்பத்திலும் இதே புள்ளிகள்தான் காலியாக இருக்கின்றன.

முதலில், மணல் எங்கே போனது

கடல் நம்மிடம் கோபித்துக்கொண்டு ஊரைத் தின்னவில்லை. கரையோரமாக மணல் ஒரு ஆறு மாதிரி ஓடுகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைக் கடலில் போகிறவர்கள் தெண்டி என்பார்கள், வடக்கிலிருந்து தெற்கே வருவதை வன்னி என்பார்கள். பங்குனி, சித்திரை தொடங்கி ஐப்பசி வரைக்கும் அலை தென்கிழக்கிலிருந்து சாய்வாக வந்து அடிக்கிறது. மணல் வடக்கே நகர்கிறது. வாடைக் காலத்தில் கொஞ்சம் தெற்கே திரும்புகிறது. போனது கழித்து வந்தது கூட்டினால், புதுச்சேரிப் பக்கத்தில் வருடத்துக்கு நிகரமாகச் சுமார் 5 லட்சம் கன மீட்டர் மணல் வடக்கே போக வேண்டும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். இந்த எண்ணை மனசில் வாங்கிக்கொள்ள நான் லாரிக் கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு டிப்பருக்குப் பத்து கன மீட்டர், அதாவது மூன்றரை யூனிட் என்று வைத்தால், ராத்திரி பகல் இல்லாமல், தீபாவளி பொங்கல் இல்லாமல், பத்து நிமிடத்துக்கு ஒரு லாரி. வருடம் முழுக்க. காசு வாங்காமல் கடல் செய்துகொண்டிருந்த வேலை இது.

1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் புதுச்சேரித் துறைமுகத்துக்காக இரண்டு கல் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். அந்த லாரி வரிசை அங்கே நின்றுவிட்டது. தெற்கே வீராம்பட்டினம் பக்கம் மணல் சேர்ந்தது. வடக்கே, காந்தி சிலை முன்னால் இருந்த கடற்கரை காணாமல் போனது. நகரத்தைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் முடிந்த இடத்தில் அடுத்த குப்பம் அரித்தது, அங்கேயும் கல் கொட்டினார்கள். வைத்திக்குப்பம், சோதனைக்குப்பம், தந்திராயன்குப்பம் என்று ஊர் ஊராக நடந்து வடக்கே வந்து இப்போது எங்கள் கிணற்றடியில் நிற்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் வந்தபோது பிள்ளைச்சாவடி, பொம்மையார்பாளையம் பக்கம் வீடுகள் கடலுக்குள் போனதைப் பலர் செய்தியில் பார்த்திருப்பீர்கள். புயல் கடைசி அடியை அடித்தது. முப்பது வருடமாகக் கீழே மண்ணைத் தோண்டியது வேறு.

இது புதுக் கதையும் அல்ல. சென்னைத் துறைமுகத்தின் வேலை 1876இல் தொடங்கியது. அதற்குத் தெற்கே மணல் ஒதுங்கி ஒதுங்கித்தான் மெரினா இவ்வளவு அகலமானது. மெரினாவில் சுண்டல் தின்கிறவர்கள் ராயபுரத்தையும் திருவொற்றியூரையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம், மணல் அவர்களுடையது. ஆற்று மணலும் குறைந்துவிட்டது. தென்பெண்ணையில் சாத்தனூர் அணை, தடுப்பணைகள், மணல் குவாரி என்று எல்லாம் சேர்ந்து கடலுக்கு வரும் வரத்தே இளைத்துவிட்டது. ஆனால் எங்கள் கரையில் பெரிய குற்றவாளி அந்த இரண்டு சுவர்தான். தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் 1990 முதல் 2018 வரை பார்த்த கணக்கில் புதுச்சேரிக் கரையில் பாதிக்கு மேல் அரிப்பில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பத்தில் நான்கு பங்கு.

இதைத் தெரிந்துகொள்ளாமல் கல்லா வளைவா என்று பேசுவது, குழாயை யாரோ மூடிவிட்ட பிறகு எந்தக் குடம் வாங்கலாம் என்று பேசுவது மாதிரி.

கல்: நேர்கல் சுவர்

அரசாங்கக் காகிதத்தில் நேர்கல் சுவர். ஊரில் கல்லு கொட்டுறது. இதற்கு உள்ள பெரிய நல்ல குணம், உடனே கிடைக்கும். இன்றைக்கு வீடு விழுந்தால் அடுத்த வாரம் லாரி வரும். அமைச்சர் பார்க்க வரும்போது காட்ட ஏதாவது இருக்கும். கிழக்குத் தெருக்காரர்கள் கல் கேட்பதில் தப்பு சொல்ல மாட்டேன். ராத்திரி அலைச் சத்தத்தில் தூங்காமல் உட்கார்ந்திருப்பவர்கள் அவர்கள்தான்.

ஆனால் கல் வீட்டைக் காப்பாற்றும், கரையைக் காப்பாற்றாது. சரிந்த மணலில் ஏறி ஏறி வேகம் தணியும் அலை, கல்லில் முட்டினால் தணியாமல் திரும்புகிறது. திரும்பும் வேகத்தில் கல்லின் அடியில் இருக்கும் மணலைப் பறித்துக்கொண்டு போகிறது. சுவர் முன்னால் ஆழமாகிறது, ஆழமானால் இன்னும் பெரிய அலை கிட்டே வருகிறது, கல் உட்காருகிறது. முறையாகக் கட்டினால் அடியில் வடிதுணி விரித்து, சின்னக் கல், நடுத்தரக் கல், மேலே பெருங்கல் என்று அடுக்க வேண்டும், கால் பகுதியை நன்றாக ஆழத்தில் பதிக்க வேண்டும். புயலுக்கு மறுநாள் அவசரத்தில் கொட்டுவதில் அதெல்லாம் நடப்பதில்லை. வெறும் மணல்மேல் கல். இரண்டு மழைக்காலத்தில் பாதி உள்ளே போய்விடும், திரும்ப மனு, திரும்ப லாரி.

சுவர் வந்த ஊரில் படகு ஏற்ற முடியாது. எங்களுக்கு அடுத்த ஊரில் கல் கொட்டிய பிறகு நடப்பதை அருகிலிருந்து பார்க்கிறேன். ஃபைபர் படகை ஏற்றக் கல்லுக்கு நடுவில் ஒரு சந்து விட்டிருக்கிறார்கள். கடல் கொஞ்சம் முரண்டினால் அந்தச் சந்தில் நுழைவது ஊசியில் நூல் கோப்பது மாதிரி. போன ஐப்பசியில் என் ஒன்றுவிட்ட அண்ணன் படகின் அணியம் கல்லில் மோதி விரிந்தது. இப்போது அவர் படகை வேறு குப்பத்தில் விடுகிறார். விடியற்காலை மூன்று மணிக்கு இஞ்சினைத் தோளில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோ தேடுகிறார். அண்ணி அந்த ஊரில் போய் மீன் எடுத்து வர வேண்டும், அந்த ஊர் ஏலத்தில் அவர் வெளியாள். மாசி மகத்துக்குச் சாமி தீர்த்தவாரிக்கு இறங்கக் கரை வேண்டும், அதுவும் இல்லை.

விலையும் சின்னதல்ல. கேரளத்தில் செல்லானத்தில் நாற்கால் கான்கிரீட் கட்டிகளை வைத்து முதல் கட்டமாக 7.36 கிலோமீட்டர் சுவர் கட்டினார்கள், சுமார் 344 கோடி ரூபாய். கிலோமீட்டருக்குக் கிட்டத்தட்ட 47 கோடி. செல்லானத்துக்காரர்கள் மழைக்காலத்தில் நிம்மதியாகத் தூங்குகிறார்கள் என்பது உண்மை, அதை மறைக்கக் கூடாது. சுவர் முடிந்த இடத்துக்கு வடக்கே கண்ணமாலிக்காரர்கள் தங்களுக்கும் சுவர் கேட்டுத் தெருவில் உட்கார்ந்ததும் உண்மை.

தூண்டில் வளைவு

எங்கள் பக்கத்து இளைஞர்களுக்கு இதன்மேல் ஒரு காதல். காரணம் கண் முன்னால் இருக்கிறது. தந்திராயன்குப்பத்தில் வளைவு போட்ட இடத்தில் மணல் சேர்ந்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை சர்ஃபிங் பலகையோடு கூட்டம் வருகிறது. வடசென்னையில் ராயபுரம், எண்ணூர் சாலையோரம் 2004 வாக்கில் பத்து வளைவுகளை வரிசையாகப் போட்டார்கள், கடல் சாலையைத் தின்பது குறைந்தது, வளைவுகளுக்கு நடுவே கொஞ்சம் கரையும் வந்தது.

வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீட்டிய கல் கை. வடக்கே போகும் மணலைத் தெற்குப் பக்கத்தில் பிடித்து வைக்கும். படகு ஏற்ற இடம் கிடைக்கும், அலை மறைப்பில் இறக்கலாம். ஒரு மீனவக் கிராமத்துக்குக் கல்லைவிட இது எவ்வளவோ மேல்.

ஆனால் பிடித்து வைக்கும் மணல் யாருடையது? துறைமுகம் எங்களுக்குச் செய்ததைச் சின்ன அளவில் நாங்கள் வடக்கே இருக்கும் ஊருக்குச் செய்கிறோம், அவ்வளவுதான். தந்திராயன்குப்பத்துக்கு வடக்கே சின்னமுதலியார்சாவடிக்காரர்கள் ஏன் மனு எழுதுகிறார்கள் என்று யோசித்தால் புரியும். எங்களுக்கு வடக்கே இருக்கும் ஊரில் என் மாமியார் வீடு. எங்கள் ஊர் வளைவுக் கூட்டத்தில் நான் இதைச் சொன்னபோது, "ஒம் மாமியா ஊருக்காகப் பேசுறியா?" என்று ஒரு தம்பி கேட்டான். பேசுகிறேன்தான். சின்னமுதலியார்சாவடி கல் கொட்டுமுன் எங்கள் ஊரை யாராவது நினைத்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே. கூட்டத்தில் சிரித்துவிட்டார்கள். பேச்சு அதோடு போயிற்று.

எங்கள் கூட்டத்தில் யாருக்கும் தெரியாமல் இருந்த ஒரு விஷயம் உண்டு. வளைவிலும் ஒழுங்கான வளைவு, ஒழுங்கில்லாத வளைவு என்று இரண்டு இருக்கிறது. ஒழுங்காகச் செய்தால் வளைவுகளைக் கட்டும்போதே அவற்றுக்கு நடுவே உள்ள இடத்தை வெளியிலிருந்து கொண்டுவந்த மணலால் நிரப்பிவிட வேண்டும். நிரம்பிய வளைவைத் தாண்டி மணல் வழக்கம் போல வடக்கே போகும், பக்கத்து ஊர் பட்டினி கிடக்காது. வரிசையின் வடக்குக் கடைசியில் வளைவுகளின் நீளத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டு வர வேண்டும். இரண்டுமே பொறியியல் புத்தகத்தில் இருப்பவைதான். டெண்டரில் மட்டும் இருப்பதில்லை. கல்லுக்குப் பில் போடலாம், கடலில் கொட்டிய மணலுக்கு எப்படி அளவுப் புத்தகம் எழுதுவது என்று ஒரு அதிகாரி என்னிடமே கேட்டார். நியாயமான சந்தேகம்தான், ஆனால் அதற்கு விடை கொட்டுவதற்கு முன்னும் பின்னும் ஆழம் அளப்பது.

கடலுக்கடியில் திட்டு

2018இல் புதுச்சேரி தலைமைச் செயலகத்துக்கு எதிரே, தேசியக் கடல்சார் தொழில்நுட்ப நிறுவனம் ஆப்பு வடிவத்தில் ஒரு எஃகுப் பெட்டியைக் கடலுக்குள் இறக்கி வைத்தது. சுமார் 900 டன். அலை அதில் தடுக்கிப் பலமிழந்து கரைக்கு வருகிறது, அதன் நிழலில் மணல் தங்குகிறது. துறைமுக வாயில் தூர்வாரிய மணலையும் அங்கே கொண்டுவந்து போட்டார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு புதுச்சேரிக் குழந்தைகள் கடற்கரைச் சாலைக்குக் கீழே இறங்கி மணலில் கால் வைத்தார்கள். எனக்கே நம்ப முடியவில்லை. சாலைச் சுவரில் உட்கார்ந்து கடலைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் கடலூர் பெரியகுப்பத்தில் (கடலூர் என்றதும் கடலூர் மாவட்டத்துக்கு வண்டி ஏறிவிடாதீர்கள், இது கல்பாக்கத்துக்குத் தெற்கே) மணல் நிரப்பிய பெரிய துணிக் குழாய்களைக் கடலடியில் போட்டு இதே யோசனையைச் செய்தார்கள். ஒடிசாவில் பெந்தா என்ற ஊரில் அப்படிப்பட்ட குழாய்களை வைத்து 505 மீட்டருக்குக் கரையே கட்டியிருக்கிறார்கள்.

அழகுக்கு, சுற்றுலாவுக்கு, திட்டு முதல் தரம். எங்கள் மாதிரி ஊருக்கு எனக்குக் கொஞ்சம் தயக்கம். வலை விரிக்கும் ஆழத்தில் எஃகு கிடந்தால் வலை மாட்டும். படகு போகும் தடத்தை மாற்ற வேண்டும். வடிவமைப்பு ஒவ்வொரு இடத்துக்கும் தனி, அளந்து, மாதிரி செய்து, இறக்கப் பல வருடம். ஒரு திட்டு காப்பது சில நூறு மீட்டர்தான். எங்கள் பக்கம் வரிசையாக ஏழெட்டுக் குப்பம். அதோடு புதுச்சேரியில் மணல் திரும்பி வந்ததில் எஃகின் பங்கு எவ்வளவு, கொண்டுவந்து கொட்டிய மணலின் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். கொட்டிய மணல் பெரிய பங்கு என்றால், எஃகு இல்லாமலே எங்களுக்கு அந்த மணலைக் கொண்டுவரலாமே.

வெறும் மணல் போடுவதை நெதர்லாந்து பெரிய அளவில் செய்து காட்டியது. 2011இல் ஹேக் நகரத்துக்குத் தெற்கே 2 கோடியே 15 லட்சம் கன மீட்டர் மணலைக் கடலடியிலிருந்து உறிஞ்சி ஒரே இடத்தில் குவித்துவிட்டு, காற்றும் அலையும் பரப்பிக்கொள்ளட்டும் என்று விட்டார்கள். நம் ஊர் கஜானாவுக்கு இது கனவு, ஆனால் யோசனை சரி: மணலைத் தடுக்காதே, கொடு.

மணலைத் துறைமுகத்தைத் தாண்டவைப்பது

சித்தப்பா சொன்ன வழிக்கு இப்போதுதான் வருகிறேன். துறைமுகத்தை உடைக்க யாரும் விட மாட்டார்கள், உடைக்கவும் வேண்டாம். தெற்கே தேங்கும் மணலை எடுத்து வடக்கே விட்டால் போதும்.

வேதனை என்னவென்றால், துறைமுகம் திட்டமிட்டபோதே இதுவும் திட்டத்தில் இருந்தது. சுவர் கட்டினால் மணல் நிற்கும் என்று அன்றைக்கே தெரியும், அதனால் மணலை இறைத்து வடக்கே அனுப்ப ஏற்பாடு சேர்த்திருந்தார்கள். சுவர் வந்தது. இறைப்பு ஒழுங்காக நடக்கவே இல்லை. இன்றைக்கு நிலைமை என்ன? அதே அரியாங்குப்பம் ஆற்றில் இருக்கும் தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரம் மணலால் அடைத்து, விசைப்படகு போக முடியவில்லை என்று அங்கே மீனவர்கள் தூர்வாரக் கேட்டுப் போராடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் வடக்கே மணல் இல்லை என்று நாங்கள் மறியல் செய்கிறோம். ஒரே மணல்.

இதே சிக்கல் ஆஸ்திரேலியாவில் வந்து தீர்ந்திருக்கிறது. ட்வீட் ஆறு நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் கடலில் சேர்கிறது. 1960களின் முதல் பாதியில் அங்கே முகத்துவாரச் சுவர்களை நீட்டினார்கள். மணல் நின்றது. வடக்கே, மாநில எல்லைக்கு அப்பால், குவீன்ஸ்லாந்தின் கோல்டு கோஸ்ட் கடற்கரைகள் மெலிந்தன. 1967இல் அடுத்தடுத்துப் புயல் வந்து கரையைத் துடைத்தது. துறைமுகச் சுவர் ஒரு அரசிடம், அரிப்பு இன்னொரு அரசிடம். புதுச்சேரியும் விழுப்புரமும் மாதிரியேதான். பேசிப் பேசி 1990களில் இரண்டு மாநிலமும் ஒப்பந்தம் போட்டுச் சட்டமும் இயற்றின. 2001 முதல் ஆற்றுக்குத் தெற்கே ஒரு நீண்ட பாலத்தில் வரிசையாகப் பம்புகளை வைத்து மணலையும் தண்ணீரையும் உறிஞ்சி, ஆற்றுக்கடியில் குழாய் வழியாக எல்லை தாண்டி அனுப்புகிறார்கள். வருடத்துக்குச் சுமார் 5 லட்சம் கன மீட்டர். எங்கள் கணக்கும் அதே 5 லட்சம்தான் என்று பார்த்தபோது கொஞ்ச நேரம் வாயடைத்து உட்கார்ந்திருந்தேன்.

குறையே இல்லையா? இருக்கிறது. தொடக்கத்தில் அதிகமாக இறைத்துவிட்டு, கிர்ரா கடற்கரையில் மணல் மிஞ்சிப்போய்ப் புகார் வந்தது. எவ்வளவு, எப்போது, எங்கே என்று அளந்துகொண்டே இருக்க வேண்டிய வேலை. பம்பு நின்றால் பத்து வருடத்தில் எல்லாம் பழையபடி. கல் கொட்டினால் ஒரு முறை செலவு என்று நினைக்கலாம், இது கரண்டு பில் மாதிரி வருடா வருடம். ரிப்பன் வெட்ட ஒன்றும் இல்லை. முப்பத்தைந்து வருடமாக இது ஓடாமல் கிடந்ததற்குக் காரணம் இயந்திரமாக இருக்காது என்பது என் எண்ணம். எல்லைக்கு இந்தப் பக்கம் கிடைக்கும் கரைக்காக அந்தப் பக்கம் யார் வருடா வருடம் பணம் கட்டுவார்கள்?

நம் நாட்டில் நடக்காததும் அல்ல. விசாகப்பட்டினத்தில் துறைமுகத்தில் தூர்வாரும் மணலை ராமகிருஷ்ணா கடற்கரைக்குப் போடுவது வழக்கத்தில் உள்ள விஷயம். நிலையான பம்பு வராவிட்டாலும், முகத்துவாரத்தில் எப்படியும் தூர்வாருகிறார்கள். அந்த மணலை ஆழ்கடலில் கொட்டாமல், விற்காமல், வடக்கே கரையோர ஆழத்தில் போடச் சொல்வதற்குப் புது ஆராய்ச்சி வேண்டாம்.

எழுந்து போவது

இதைக் கூட்டத்தில் சொன்னால் அடிக்க வருவார்கள். சொல்லாமலும் இருக்க முடியாது.

ஒடிசாவில் கேந்திரபாரா மாவட்டத்தில் சதபாயா என்று ஏழு ஊர் சேர்ந்த ஒரு தொகுப்பு இருந்தது. கடல் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டது. 2018இல் மிச்சம் இருந்த 571 குடும்பங்களைச் சுமார் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி பாகபாட்டியா என்ற இடத்துக்கு மாற்றினார்கள். பஞ்சுபாராகி அம்மன் சிலைகளும் ஊரோடு கிளம்பின. உயிர் பிழைத்தது. ஆனால் அங்கே உழ நிலம் போதவில்லை, கடல் கைக்கெட்டும் தூரத்தில் இல்லை, ஆண்கள் கேரளத்துக்குக் கூலி வேலைக்குப் போனார்கள்.

கேரளத்தில் புனர்கேகம் என்ற திட்டம், அலை எல்லையிலிருந்து 50 மீட்டருக்குள் இருப்பவர்கள் தள்ளிப் போனால் நிலத்துக்கும் வீட்டுக்கும் சேர்த்து 10 லட்சம் ரூபாய் கொடுத்தது. எங்கள் பக்கம், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்தில், அந்தப் பணத்துக்கு ஒரு சென்ட் வாங்கிப் பாருங்கள்.

நம்மவர்களின் பயத்துக்கு ஒரு பெயர் உண்டு: 172. சுனாமிக்குப் பிறகு 2005இல் வந்த அரசாணை எண். 200 மீட்டருக்குள் இருப்பவர்கள் உள்ளே தள்ளிப் போனால் வீடு, பழைய இடம் அரசுக்கு. போகாவிட்டால் உதவி இல்லை. சென்னையில் மீனவர்கள் பலர் செம்மஞ்சேரியில் கடலைப் பார்க்காத அடுக்கில் போய் விழுந்தார்கள். விட்டுப் போன இடத்தில் ரிசார்ட் வரும் என்ற சந்தேகம் அன்றிலிருந்து போகவில்லை, போகவும் காரணம் இல்லை.

அதனால் ஊரையே மாற்றுவதை நான் ஏற்கவில்லை. ஆனால் முதல் வரிசை வேறு. எங்கள் ஊரில் கடலைப் பார்த்த முதல் வரிசையில் பதினெட்டு வீடு. ஊருக்குள்ளேயே, பழைய கிளிஞ்சல் சூளை இருந்த இடத்தில் புறம்போக்கு இருக்கிறது. அந்தப் பதினெட்டு வீடும் 150 மீட்டர் பின்னால் நகர்ந்தால், காலியாகும் இடத்தை யார் பெயருக்கும் எழுதாமல் ஊர்ப் பொதுவாக, வலை காயப்போடும் இடமாக வைத்தால், கடலுக்கு மூச்சுவிட ஒரு வரிசை இடம் கிடைக்கும். 15ஆவது நிதிக்குழு அரிப்பால் இடம்பெயர்ந்தவர்களைக் குடியமர்த்த 1,000 கோடியும், அரிப்பைத் தடுக்க 1,500 கோடியும் நாடு முழுதுக்கும் பரிந்துரைத்தது. பெரிய பணம் இல்லை, ஆனால் அப்படி ஒரு தலைப்பு இருக்கிறது என்று மனுவில் எழுத வேண்டும்.

நான் எதை எழுதினேன்

எல்லாவற்றையும் சித்தப்பாவிடம் சொன்னபோது, "இவ்ளோ பேசுறியே, வர்ற கார்த்திகைக்கு முன்னால எது ஆகும்?" என்றார். அவர் கேட்டது சரி. கார்த்திகைக்கு முன்னால் ஆகக்கூடியது கல் மட்டும்தான்.

ஆகவே கல்லைக் கேட்டிருக்கிறேன், ஆனால் ஊர் முழுக்க அல்ல. உறைகிணற்றிலிருந்து கோயில் வரை, வீடு விழும் நிலையில் இருக்கும் இடத்துக்கு மட்டும், அடியில் துணி விரித்து, படகுக்கு அகலமான இறங்குவழி விட்டு. பதினெட்டு வீட்டுக்கும் ஊருக்குள் மனை கிடைத்து மாறியதும் அந்தக் கல்லை எடுத்து வளைவுக்குப் பயன்படுத்த வேண்டும் என்றும் எழுதினேன். இப்படி யாரும் எழுதிப் பார்த்ததில்லை என்று தட்டச்சுக்காரர் சொன்னார்.

வளைவு வேண்டும், ஆனால் எங்களுக்குத் தனியாக வேண்டாம். கோட்டக்குப்பத்திலிருந்து வடக்கே கடைசிக் குப்பம் வரை ஒரே வரைபடமாக, குட்டையானவையாக, மணல் நிரப்பி, வடக்கே போகப் போகக் குறைந்து. நிரப்பும் மணல் துறைமுக வாயிலில் தூர்வாரியதாக இருக்க வேண்டும். இளைஞர்கள் முகம் சுளித்தார்கள், ஒரு ஊருக்கு இரண்டு வளைவு என்றால் ஆறு மாதத்தில் வாங்கிவிடலாம், பத்து ஊருக்கு என்றால் எப்போது என்று. பதில் என்னிடம் இல்லை. ஆனால் எங்கள் ஊர் வாங்கிய ஆறாவது மாதம் என் மாமியார் வீட்டு வாசலில் என்ன நடக்கும் என்று மட்டும் தெரியும்.

மணலை வருடாவருடம் வடக்கே அனுப்புவதை மனுவின் முதல் கோரிக்கையாக வைத்தேன். கடைசியில் வைத்தால் மற்றதைக் கொடுத்துவிட்டு அதை மறந்துவிடுவார்கள். திட்டு வேண்டாம் என்று எழுதவில்லை, புதுச்சேரித் திட்டுக்கு வடக்கே கரை எப்படி மாறியது என்ற அளவீட்டை ஊருக்குக் கொடுங்கள் என்று கேட்டேன்.

தட்டச்சு முடிந்து மனு நான்கு பக்கம் வந்தது. ஊர்த் தலைவர் "பெறுநர்" என்ற இடத்தைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். விழுப்புரம் மாவட்ட ஆட்சியர் என்று ஒரு முகவரி. அதற்குக் கீழே புதுச்சேரித் துறைமுகத் துறை என்று இன்னொன்று.

"அது நம்ம கவர்மெண்ட் இல்லியேப்பா. அவங்க நம்ம மனுவ வாங்குவாங்களா?"

"மணலு அவங்ககிட்டதானே இருக்கு" என்றார் சித்தப்பா, பேனாவை எடுத்துக்கொண்டே.